ஜீப் எதுவரை போகலாம்? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மோவாப் பயணத்தைப் பற்றி எழுதியபோது, கிரீன் ஆற்றங்கரையை ஒட்டி ஜீப் போகிற பழைய வழி ஒன்றை அரசு மூடியதைக் குறிப்பிட்டு, "மூடியது சரிதான்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரிக்காக வந்தவை. சிலர் கோபமாகவே எழுதியிருக்கிறார்கள், தப்பில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன். நானும் பன்னிரண்டு வருடமாக ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஓட்டுகிறவன். வண்டி மேல் வெறுப்பு வைத்துக்கொண்டு எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணா, போன வருடம்தான் ஆசை ஆசையாக ஒரு ஜீப் வாங்கினேன். மோவாப் பக்கம் 317 மைல் வழியை ஒரேயடியாக மூடிவிட்டார்கள் என்று நண்பர்கள் கொதிக்கிறார்கள். பொது நிலம், என் வரிப்பணம், பிறகு என்னை உள்ளே விடாமல் தடுக்க இவர்கள் யார்? நீங்கள் எப்படி அதைச் சரி என்கிறீர்கள்?
– ஒரு வாசகர், சான் ஹோசே

பதில்: தம்பி, 317 மைல் என்ற கணக்கு உண்மை. 2023 செப்டம்பரில் வந்த முடிவு அது. நிலத்தைப் பார்த்துக்கொள்கிற மத்திய அரசுத் துறைக்கு பி.எல்.எம். என்று பெயர், நில மேலாண்மைத் துறை என்று வைத்துக்கொள்ளலாம். மோவாப்புக்கு வடமேற்கே லாபரிந்த் ரிம்ஸ், ஜெமினி பிரிட்ஜஸ் என்று சொல்கிற, சுமார் மூன்று லட்சம் ஏக்கர் பகுதியில் எந்த வழியில் வண்டி போகலாம், எதில் கூடாது என்று வகுத்த வண்டித்திட்டம் அது. ஆனால் உங்கள் நண்பர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அதே பகுதியில் 800 மைலுக்கும் மேற்பட்ட வழிகள் வண்டிக்குத் திறந்தே இருக்கின்றன. 800 மைல் என்றால் சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்புவதற்கு ஏறக்குறைய சமம், அதுவும் ஒரே வட்டாரத்துக்குள்.

இவ்வளவு வழி அந்தப் பாறைக்காட்டில் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? ஊருக்கு ஊர் போக யாரும் போட்டதில்லை. 1950-களில் அமெரிக்கா அணுகுண்டுக்காக யுரேனியம் தேடிக்கொண்டிருந்த காலம், 1952-இல் மோவாப்புக்குத் தெற்கே சார்லி ஸ்டீன் என்பவருக்குப் பெரிய யுரேனியப் படிவம் ஒன்று சிக்கியது. அதற்குப் பிறகு புல்டோசரும் கையுமாக ஆட்கள் வந்து, மேசா என்கிற தட்டை மலையின் விளிம்பு, பள்ளத்தாக்கு, ஆற்றங்கரை என்று பார்க்காமல் கீறிப்போட்டார்கள். எண்ணெய் தேடியவர்கள் அவர்கள் பங்குக்கு நேர்கோடாக இழுத்துவிட்டுப் போனார்கள். யுரேனியக் காய்ச்சல் அடங்கியதும் அந்தக் கீறல்கள் அப்படியே கிடந்தன. ஜீப்காரர்கள் வந்து அவற்றை வழி ஆக்கிக்கொண்டார்கள். இன்று நாம் கொண்டாடுகிற, மோவாப்பில் ஜீப்காரர்கள் வருடா வருடம் கூடுகிற ஈஸ்டர் ஜீப் சஃபாரி 1967-இல் அந்தத் தடங்களின் மேல் ஆரம்பித்ததுதான். அதனால் "காலங்காலமாக இருக்கிற வழி" என்று சொல்லும்போது ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும். பல வழிகளுக்கு என் அப்பாவின் வயதுகூட இல்லை, எந்த வழி எங்கே போகலாம் என்று யாரும் ஒருநாளும் உட்கார்ந்து முடிவு செய்ததும் இல்லை.

அந்த முடிவைத்தான் இப்போது எடுக்கிறார்கள். எடுத்தே ஆகவேண்டிய கட்டாயம் 1972-லிருந்து இருக்கிறது. அந்த வருடம் பிப்ரவரியில் அதிபர் நிக்சன் ஓர் உத்தரவு போட்டார். நாட்டில் அப்போதே இப்படிப்பட்ட வண்டிகள் ஐம்பது லட்சம் ஓடுவதாக அந்த உத்தரவின் தொடக்கத்திலேயே வருகிறது. மண்ணுக்கும் செடிகொடிக்கும் நீர்ப்பிடிப்புக்கும் சேதம், விலங்குகளுக்குத் தொந்தரவு, வேறு காரியமாக வந்தவர்களோடு மோதல், இவை கூடியமட்டும் குறைகிற மாதிரி வண்டித்தடங்களை அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1977-இல் கார்ட்டர் வந்து, கடுமையான சேதம் தெரிந்தால் உடனே மூடவும் அதிகாரம் கொடுத்தார். ஒருவர் குடியரசுக் கட்சி, ஒருவர் ஜனநாயகக் கட்சி. ஏதோ ஒரு கட்சி கிளப்பிவிட்ட விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, அந்த 317 மைலில் என்ன இருந்தது? நான் எழுதிய ஆற்றங்கரை வழி, ஹே ஜோ என்கிற பழைய சுரங்கப் பக்கம் போவது, அதில் ஒன்று. அங்கே கிரீன் ஆறு செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே சத்தமில்லாமல் நகர்கிறது. படகில் நாலைந்து நாள் மெல்ல மிதந்து போவதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். எதிர்க்கரையில் பெரும்பகுதி 2019-இல் நாடாளுமன்றமே வனாந்தரமாக, அதாவது மோட்டாரே கூடாது என்று, அறிவித்த நிலம். இந்தக் கரையில் ஒரு எஞ்சின் உறுமினால் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி, வண்டி கண்ணில் படுவதற்கு வெகுநேரம் முன்பே காதுக்கு வந்துவிடும், போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும். நான் படகில் இருந்தபோது யு.டி.வி. என்கிற, கரடுமுரடான வழியில் ஓட்டும் சின்ன வண்டிகள் நாலு வரிசையாகப் போயின. மேலே பாறைத்திட்டில் குட்டியோடு நின்றிருந்த பெருங்கொம்புக் காட்டாடு ஒன்று, அதுவரை எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது, சத்தம் வந்த அடுத்த நொடி சரிவில் ஏறி மறைந்துவிட்டது. ஓட்டியவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, அன்றைக்கு அந்த வழி திறந்திருந்தது, எங்களைப் பார்த்துக் கை அசைத்துவிட்டுத்தான் போனார்கள். ஆனால் அந்த ஓர் இடத்தில் இரண்டையும் ஒன்றாக வைக்க முடியாது. 800 மைல் இருக்கும்போது ஆற்றங்கரையை விட்டுக்கொடுப்பது பெரிய இழப்பில்லை என்பது என் கருத்து. ஜீப் சங்கத்தார் ஒப்புக்கொள்ளவில்லை, வழக்குக்குப் போனார்கள். போகட்டும், அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: நீங்கள் சொல்லும் "பொது நிலம்" நம் ஊர்ப் புறம்போக்கு மாதிரியா? யார் வேண்டுமானாலும் ஆடு மாடு ஓட்டிக்கொண்டு போகலாமா?
– ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: நல்ல ஒப்பீடு, ஏனென்றால் ஆடு மாடு உண்மையிலேயே மேய்கிறது! அனுமதி வாங்கி, கட்டணம் கட்டி மேய்க்கிறார்கள். அதே நிலத்தில் எண்ணெய் எடுக்கிறார்கள், வேட்டையாடுகிறார்கள், கூடாரம் போடுகிறார்கள், பைக் ஓட்டுகிறார்கள். 1976-இல் வந்த சட்டம் பி.எல்.எம். நிலத்தைப் பல பயன்பாட்டுக்கும் வைத்திருக்கச் சொல்கிறது. மொத்தம் 24.5 கோடி ஏக்கர், தமிழ்நாட்டைப் போல ஏழரை மடங்கு. காட்டுத்துறையிடம் இன்னொரு 19.3 கோடி ஏக்கர் தனியாக இருக்கிறது. யூட்டா மாநிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு மத்திய அரசு நிலம்தான்.

நம் ஊர்ப் புறம்போக்கிலும் மேய்க்கால், ஓடை, ஏரி, வண்டிப்பாதை என்று வகை உண்டல்லவா, ஏரிப் புறம்போக்கில் வீடு கட்டினால் அடுத்த மழையில் ஊர் மூழ்குகிறதல்லவா, அதே கதைதான். இங்கே வண்டியைப் பொறுத்து மூன்று வகை: எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று திறந்துவிட்ட நிலம், குறித்த தடத்தில் மட்டும் ஓட்டலாம் என்ற நிலம், வண்டியே கூடாது என்ற நிலம். பெரும்பாலான சண்டை நடு வகையில்தான், எது குறித்த தடம் என்பதில்.

இவற்றுக்கெல்லாம் மேலே 1964-ஆம் வருடத்து வனாந்தரச் சட்டம். நாடாளுமன்றம் வனாந்தரம் என்று அறிவித்துவிட்டால் மோட்டார் கூடாது, சைக்கிளும் கூடாது, வழியில் விழுந்த மரத்தை வெட்டக்கூட மோட்டார் ரம்பம் கூடாது, பழைய மாதிரி இரண்டு பேர் இழுக்கும் ரம்பம்தான். இப்போது 11 கோடி ஏக்கருக்கு மேல் அப்படி இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் அலாஸ்காவில்.

கேள்வி: காடு என்றால் புரிகிறது. பாலைவனத்தில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? மண்ணும் கல்லும்தானே. டயர் தடம் அடுத்த காற்றில் மூடிவிடாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஈரோடு

பதில்: அம்மா, இந்த இதழில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் என்று ஆசிரியர் சொல்லியிருந்தால் உங்கள் கேள்வியைத்தான் எடுத்திருப்பேன்.

மோவாப் பக்கம் வழியோரம் வண்டியை நிறுத்திவிட்டு, தடத்திலிருந்து காலை எடுத்து வெளியே வைக்காமல், குந்தி உட்கார்ந்து மண்ணைப் பாருங்கள். சிவப்பு மணலின் மேல் கரிந்த தோசை மாதிரி ஒரு கருப்பு மேலோடு தெரியும். மேடும் பள்ளமுமாக, விரல் உயரத்துக்குச் சின்னச் சின்னக் கோபுரங்கள். அது உயிருள்ள மண். கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சை நுண்ணுயிர்கள் இழை இழையாக மணலுக்குள் ஓடி, பிசின் மாதிரி ஒன்றைச் சுரந்து, மணல் துகள்களைத் தைத்து வைத்திருக்கின்றன. பாசியும், செதில் மாதிரி ஒட்டி வளர்கிற லைக்கனும் அதன் மேல் குடியேறுகின்றன. காற்றில் இருக்கிற நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுப்பது அதுதான், அங்கே மாட்டுச் சாணமோ மட்கிய இலையோ கிடையாதே. பெய்கிற கொஞ்ச மழையைப் பிடித்து வைப்பதும் அதுதான். அங்கே முளைக்கிற ஒவ்வொரு புல்லும் அதன் தயவில் நிற்கிறது.

காய்ந்திருக்கும்போது அதன் மேல் ஒரு செருப்புக்கால் பட்டால் பொரித்த அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும். ஒரு டயர் ஏறினால் தையல் முழுதும் அறுந்துவிடும். நுண்ணுயிர் திரும்பி வரவே பல வருடம் பிடிக்கும், பாசியும் லைக்கனும் வந்து பழைய மாதிரி ஆகப் பல பத்தாண்டுகள், சில இடங்களில் அதற்கும் மேல். கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் 1942-இல் ஜெனரல் பாட்டன் படைகளுக்குப் பயிற்சி கொடுத்தார், ஆப்பிரிக்கப் போருக்காக. அன்றைக்கு டாங்கிகள் போன தடம் இன்னும் தெரிகிறது. எண்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, எத்தனையோ காற்று அடித்துவிட்டது, மூடவில்லை.

நம் ஊரில் ஒரு மழைக்காலம் வந்தால் வண்டித்தடத்தில் புல் முளைத்துவிடும், ஆறு மாதத்தில் வழி எங்கே என்றே தெரியாது. அந்த நினைப்பில்தான் நாம் கேட்கிறோம். நானும் முதல் வருடம் அதே நினைப்பில்தான் இருந்தேன். வருடத்துக்குப் பத்து அங்குலம்கூட மழை பெய்யாத ஊரில் மண்ணின் கணக்கே வேறு.

இன்னொன்று. தையல் அறுந்த மண் காற்றில் கிளம்பிவிடும். அந்தச் செம்புழுதி நூற்றுக்கணக்கான மைல் பறந்து கொலராடோ மலைப் பனியின் மேல் படிகிறது. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும், புழுதி படிந்த பனி வெயிலை வாங்கிக்கொள்ளும், அதனால் வாரக்கணக்கில் முன்பே உருகி ஓடிவிடுகிறது. கோடையில் மெதுவாக வந்து கொலராடோ ஆற்றை நிரப்ப வேண்டிய தண்ணீர் அது. இத்தனை புழுதிக்கும் ஜீப் மட்டும் காரணம் இல்லை, மாடும் சுரங்கமும் உழவும் நிறையவே கிளப்புகின்றன, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் விளையாட்டுக்காகக் கிளப்புவது நாம் மட்டும்தான்.

மொஹாவேயின் ஆமை கதை தனி. வருடத்தின் பெரும்பகுதியை மண்ணுக்குள் வளையில் கழிக்கிற ஆமை, மேலே வண்டி ஏறினால் வளையோடு மூடிக்கொள்ளும். 1990-இல் அழிவை நோக்கிப் போகும் உயிரினப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு எழுபத்தாறு வயது, இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை. போன வருடம் வந்தபோது ஜீப்பில் வைத்துத்தான் மலை விளிம்பைக் காட்டினேன், அவர் கண் கலங்கிவிட்டார். நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு மட்டும்தான் இந்த நிலமா? நீங்கள் எழுதியது எனக்கு வருத்தமாக இருந்தது.
– ஒரு வாசகி, டாலஸ்

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மற்ற எதிர்ப்புக்கெல்லாம் பதில் சொல்லிவிடலாம், இதற்கு முழுதாகப் பதில் சொல்ல முடியாது. அப்பாவுக்கு அந்தக் காட்சி கிடைத்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஒவ்வொரு வண்டித்திட்டத்திலும் உங்கள் அப்பாவை மனதில் வைத்துக்கொண்டு முக்கியமான பார்வை இடங்களுக்கு ஒரு நல்ல வழியாவது திறந்திருக்க வேண்டும் என்று நானும் சொல்வேன். கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் வொயிட் ரிம் என்று நூறு மைல் வழி இருக்கிறது, அதுவும் யுரேனியக் காலத்தில் போட்டதுதான், பூங்காவுக்குள்ளேயே இன்றும் வண்டி போகிறது. எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, அனுமதிச்சீட்டு கொடுத்து விடுகிறார்கள். அடுத்த முறை அப்பா வந்தால் அதற்கு முன்கூட்டியே பதிவு செய்து பாருங்கள்.

வனாந்தரத்துக்குள் சக்கர நாற்காலி போகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

ஆனால் ஒன்று மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. "முதியவர்களுக்காக" என்று கூட்டங்களில் பேசுகிறவர்கள் சிலர் கேட்கிற வழிகள், எழுபது வயதுக்காரரைக் கூட்டிக்கொண்டு போகவே முடியாத, பாறை பாறையாக ஏறிக் குதிக்கிற வழிகள். இடுப்பில் வலி இருப்பவரை அதில் உட்கார வைக்க முடியுமா? உங்கள் அப்பாவுக்கு வேண்டியது பத்து நல்ல வழி. அவர் பெயரைச் சொல்லி ஆயிரம் வழி கேட்பது நியாயம் இல்லை.

கேள்வி: ஏதோ நூற்றைம்பது வருடத்துப் பழைய சட்டத்தை வைத்து யூட்டாக்காரர்கள் எல்லாப் பாதையும் எங்களுடையது என்கிறார்களாமே, நிஜமா?
– ஒரு வாசகர், சிகாகோ

பதில்: நிஜம்தான். 1866-இல் சுரங்கக்காரர்களுக்காகப் போட்ட சட்டத்தில் ஒரு வரி, ஒதுக்கி வைக்காத பொது நிலத்தின் குறுக்கே சாலை போட வழியுரிமை தருகிறோம் என்று. மேற்கே ஆள் போய்க் குடியேற வேண்டும் என்று அரசு தவித்துக்கொண்டிருந்த காலம். 1976-இல் அதை ரத்து செய்தார்கள், ஆனால் அதற்கு முன் ஏற்பட்ட உரிமை செல்லும் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஓட்டையில் புகுந்து யூட்டா மாநிலம் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வழிகளைக் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறது. அவற்றில் உண்மையான பண்ணைச் சாலைகளும் உண்டு, ஓடைப்படுகையில் மாடு போன தடமும் உண்டு. வயதான ஆட்களை உட்காரவைத்து, 1976-க்கு முன் பத்து வருடம் தொடர்ந்து இந்த வழியில் வண்டி போனதை நீங்கள் பார்த்தீர்களா என்று சாட்சி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், நம் ஊர் வாய்க்கால் வரப்பு வழக்கு மாதிரி.

ரீகாப்சர் என்று ஒரு பள்ளத்தாக்கு, பியூப்ளோ பழங்குடி மக்களின் முன்னோர் வாழ்ந்த வீடுகளின் எச்சம் கிடக்கிற இடம். 2007-இல் அங்கே மோட்டார் வண்டியைத் தடை செய்தார்கள். 2014-இல் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஆணையர் ஒருவரே கூட்டம் சேர்த்துக்கொண்டு தடையை மீறி உள்ளே ஓட்டிப் போனார், இது எங்கள் பழைய வழி என்று. தண்டனை பத்து நாள் சிறை. 2020 கடைசியில் அதிபரின் மன்னிப்பும் கிடைத்துவிட்டது. அவர்களுடைய ஆதங்கம் எனக்குப் புரியாமல் இல்லை, எங்கோ வாஷிங்டனில் உட்கார்ந்து எங்கள் ஊரை முடிவு செய்கிறார்கள் என்பது சாதாரணக் கோபம் இல்லை. ஆனால் அதைக் காட்ட அவர்கள் தேர்ந்தெடுத்தது இன்னொரு மக்களின் மூதாதையர் வீட்டு வாசல்.

கேள்வி: இரண்டு பக்கமும் ஒத்துப்போன இடம் ஒன்றாவது உண்டா, இல்லை எல்லாம் கோர்ட்டுதானா?
– ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: உண்டு. கோர்ட்டைத் தாண்டி வந்த இடங்கள் என்று சொல்லலாம்.

கலிபோர்னியாவின் தென்கோடியில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில், ஆல்கடோன்ஸ் மணல்மேடுகள். 78-ஆம் எண் நெடுஞ்சாலை அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. சாலைக்கு வடக்கே சுமார் 26,000 ஏக்கர் 1994-லிருந்து வனாந்தரம், ஒரு எஞ்சின்கூடக் கிடையாது. தெற்கே திறந்த மைதானம், டர்ட் பைக், மணல் பக்கி, எதில் வேண்டுமானாலும் பறக்கலாம், நவம்பரில் நன்றி கூறும் நாள் விடுமுறைக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்து கூடாரம் போடுகிறார்கள். நான் அந்தச் சாலையோரம் நின்றிருக்கிறேன். ஒரு பக்கம் திருவிழாப் புழுதி, வறுத்த இறைச்சி வாசனை, கொடி கட்டிய வண்டிகள். திரும்பினால் அதே மணல், காற்று போட்ட வரி அழியாமல், ஒரு பல்லி ஓடிய காலடி மட்டும்.

அதுவும் சும்மா வரவில்லை. மணலில் மட்டுமே முளைக்கிற, பட்டாணிக் குடும்பத்துச் செடி ஒன்று, பியர்சன் மில்க்வெட்ச் என்று பெயர், அதற்காக 2000-இல் தெற்குப் பக்கத்திலும் 49,000 ஏக்கரை மூடினார்கள். பல வருட இழுபறிக்குப் பிறகு 2013-இல் செடி நிறைந்த பகுதியை மட்டும் காப்பாற்றி, மீதியில் பெரும்பாலானதைத் திறந்துவிட்டார்கள். இதை நான் நல்ல முடிவு என்பேன். செடி எங்கே இருக்கிறது என்று நடந்து எண்ணிப் பார்த்துவிட்டு எடுத்தது.

இன்னொன்று ரூபிகான். உங்களில் பலர் அந்தப் பெயரை ஜீப்பின் பக்கவாட்டில் பார்த்திருப்பீர்கள், டாஹோ ஏரிப் பக்கம் இருக்கிற 22 மைல் பாறை வழியின் பெயர் அது. ஆட்கள் பெருகி, ஓடைகளில் மண் கரைந்து இறங்கி, எண்ணெய் சிந்தி, கழிப்பறை இல்லாததால் ஏரிக்கரை நாறிப்போய், 2009-இல் மாநில நீர் வாரியம் கவுண்டிக்குச் சுத்தம் செய்ய உத்தரவு போட்டது. மூடிவிடுவார்கள் என்ற நிலை வந்ததும் ஜீப்காரர்களே இறங்கினார்கள். வார இறுதிகளில் வந்து தண்ணீர் வடிய வழி வெட்டினார்கள், எண்ணெய் சிந்தினால் உறிஞ்சும் துணி வைத்துக்கொள்ளாமல் வராதே என்றார்கள், மலத்தையும் பையில் கட்டித் திரும்ப எடுத்துப்போகும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். வழி இன்றும் திறந்திருக்கிறது. கலிபோர்னியாவில் 1971-லிருந்தே வண்டிக்காரர்கள் கட்டும் பதிவுக் கட்டணமும் பெட்ரோல் வரியில் ஒரு பங்கும் தனி நிதியாகப் போய், காவலுக்கும் கெட்ட மண்ணைச் சீராக்கவும் செலவாகிறது. மற்ற மாநிலங்களில் இதைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும். பி.எல்.எம்.மின் 24.5 கோடி ஏக்கருக்குச் சட்டம் காக்கிற காவலர்கள் சுமார் 200 பேர், ஆளுக்குப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர். என்ன செய்துவிட முடியும்?

கேள்வி: சென்னைக்கு வெளியே கடற்கரை மணலில் ராத்திரி நேரம் கார் ஓட்டி வீடியோ போடுகிறார்கள். இதற்கெல்லாம் இங்கே கேட்பாரே இல்லையா?
– ஒரு வாசகி, திருவான்மியூர்

பதில்: காப்புக்காட்டுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் அனுமதியில்லாமல் வண்டி போவது நம் ஊரில் குற்றம், அதில் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் கடற்கரை, வறண்ட ஏரி, ஆற்றுப்படுகை மாதிரி இடங்களில்தான், யாருடையது என்று தெரியாததால் எல்லோரும் ஓட்டுகிறார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை உங்கள் கரையில் பங்குனி ஆமை முட்டையிட ஏறி வருகிறது. ராத்திரியில்தான் வருகிறது. முட்டை மணலுக்குள் இருப்பது மேலிருந்து தெரியாது, டயர் பள்ளத்தில் விழுந்த குஞ்சு ஏறி வர முடியாமல் விடிந்ததும் காக்கைக்குப் போகும். வட கரோலைனாவின் கேப் ஹேட்டரஸ் கடற்கரையில் வண்டி ஓட்டுவது பரம்பரைப் பழக்கம், மீன் பிடிக்கப் போகிறவர்கள் மணலில் ஓட்டிக்கொண்டுதான் போவார்கள். அங்கேயே 2012-லிருந்து அனுமதிச்சீட்டு, ஆமைக் காலத்தில் இரவில் ஓட்டத் தடை, பறவை கூடு வைத்த இடத்தைச் சுற்றி வேலி என்று ஆகிவிட்டது. உங்கள் கரையில் அடுத்த முறை கார் ஓடுவதைப் பார்த்தால் வண்டி எண்ணோடு படம் எடுத்து வனத்துறைக்கு அனுப்புங்கள், ஆமை நடைக்குப் போகிற தன்னார்வலர்களுக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: வரும் அக்டோபரில் இரண்டு குழந்தைகளோடு மோவாப் போகிறோம், ஜீப் வாடகைக்கு எடுக்க ஆசை. உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு போகலாமா வேண்டாமா என்றே தயக்கமாக இருக்கிறது.
– ஒரு தம்பதி, ஆஸ்டின்

பதில்: கட்டாயம் போங்கள்! திறந்திருக்கிற தடத்தை விட்டு விலகாமல் ஓட்டுகிற வரைக்கும் தயங்க வேண்டியதில்லை. கிளம்பும் முன் பி.எல்.எம். அலுவலகத்தில் அந்த வருடத்து வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள், காட்டுத்துறை நிலத்துக்கு வண்டி போகும் வழிகளை மட்டும் காட்டுகிற தனி வரைபடம் இலவசமாகவே கிடைக்கும். செல்போனில் ஒரு கோடு தெரிகிறது என்பதால் அது வழி ஆகிவிடாது, பழைய யுரேனியக் கீறலாகவும் இருக்கலாம். முந்தின நாள் மழை பெய்திருந்தால் களிமண் வழிகளுக்குப் போகாமல் பாறை வழிகளுக்குப் போங்கள். வழியில் குட்டை நின்றால் ஓரமாகச் சுற்றிப் போகத் தோன்றும். தயவுசெய்து சுற்றாதீர்கள், ஆளாளுக்குச் சுற்றித்தான் ஒற்றைத்தடம் நாலு தடம் ஆகிறது. இறங்கி ஆழம் பாருங்கள், முடிந்தால் நேராகப் போங்கள், முடியாவிட்டால் திரும்பிவிடுங்கள். எதிரே வண்டி வந்தால் அகலமான இடம் வரை பின்னால் போய் வழி விடுங்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் வண்டி குதிக்காது, தடமும் அதிகம் பறிக்காது, ஆனால் வாடகைக்குக் கொடுத்தவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒரு நாளைக்கு ஆளுக்கு நாலு லிட்டர்.

குழந்தைகளுக்கு ஒன்று காட்டுங்கள். வழியோரம் அந்தக் கருப்பு மேலோடு தெரிகிற இடமாகப் பார்த்து, தடத்தில் நின்றபடியே கை நீட்டி, ஒரு பாட்டில் மூடி அளவு தண்ணீரை மெதுவாக அதன் மேல் விடச் சொல்லுங்கள். காய்ந்து கரியாகக் கிடக்கிற பாசி ஒரு நிமிடத்துக்குள் இதழ் விரிந்து பச்சையாகும்.